வெள்ளைப் பூ எந்தக் கேள்விக்கு

கம்பெனி கொடுத்த கடுதாசியில் இரண்டு கட்டம் போட்டிருந்தது. ஏதாவது ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். முதல் கட்டத்துக்கு நேராக, வடக்கே இருக்கிற நிறுவனத்தின் இன்னொரு ஆலைக்கு வேலைக்குப் போகச் சம்மதிக்கிறேன் என்று இருந்தது. இரண்டாவதற்கு நேராக, என் சொந்த விருப்பத்தோடு வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று இருந்தது. பத்து நாளைக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் ஆட்குறைப்பில் பேரை எடுத்துவிடுவார்கள். விலகுகிறவர்களுக்குத் தருகிற கூடுதல் தொகையும் கிடையாது.

இதை எனக்குப் படித்துச் சொன்னது மகள். பன்னிரண்டாவது படிக்கிறாள். நான் எட்டாவதோடு நின்றவன். தமிழ் வாசிப்பேன், பேப்பர் வாசிப்பேன், ஆனால் கம்பெனி கடுதாசி என்றால் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி நகர ஆரம்பித்துவிடும்.

"விருப்பத்தோடன்னா போட்டிருக்கு?" என்று கேட்டேன்.

"ஆமாப்பா."

"நல்லா பாரு."

"நல்லா பாத்துட்டேன்ப்பா. சொந்த விருப்பத்தோட."

அடுப்படியிலிருந்து என் மனைவி, "வேற எப்புடிப் போடுவான்? வெரட்டி விடுறேன்னா போடுவான்?" என்றாள்.

அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் பேக்கிங் பிளாண்டில் பத்தொன்பது வருஷம் இருந்தேன். சிமெண்ட் கொட்டுகிற எட்டு மூக்கு வைத்த பெரிய இரும்புச் சக்கரம் ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு மூக்கும் எனக்கு முன்னால் வருகிற நேரம் பார்த்து, காலிப் பையை அதில் மாட்ட வேண்டும். ஒரு சுற்று வருவதற்குள் பை ஐம்பது கிலோ நிரம்பித் தானாகப் பெல்ட்டில் விழும். அதுக்குள் அடுத்த மூக்கு வந்துவிடும். இதற்கு மூளை வேண்டாம், கைதான் வேண்டும் என்பார்கள். என் கை மாட்டிக்கொண்டே இருக்கும், மூளை கவலைப்பட்டுக்கொண்டே இருக்கும். கேஸ் சிலிண்டரை மூடினோமா, மகள் பஸ் ஏறினாளா, நெஞ்சில் குத்துவது வாயுவா வேற ஏதாவதா. வேலையும் கவலையும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் பத்தொன்பது வருஷம் ஓடின.

மாசாமாசம் வெல்லம் கொடுப்பார்கள். தூசு தொண்டையில் தங்காமல் இறங்க வெல்லம் தின்ன வேண்டும் என்று ஒரு வழக்கம். சட்டைப் பையில் எப்போதும் ஒரு துண்டு கிடக்கும்.

அப்புறம் அந்த மெஷின் வந்தது. அது பையை உறிஞ்சி எடுத்து, அம்பு விடுகிற மாதிரி மூக்கைப் பார்த்து எறியும். ஒரு வாரம் நாங்கள் எல்லாரும் கூடி நின்று வேடிக்கை பார்த்தோம். முதல் நாள் நாலு பை தவறி விழுந்தது. எங்களுக்குச் சந்தோஷம். இரண்டாவது நாள் ரெண்டு பை. மூன்றாவது நாள் ஒன்றும் விழவில்லை. லாரியில் மூட்டை அடுக்குகிற என் கூட்டாளி என் தோளில் கையைப் போட்டு, "மாப்ள, அது வெல்லம் கூட கேக்காது போலருக்கே" என்றான். மறுவாரம் எங்கள் ஷிப்டில் அவனையும் என்னையும் சேர்த்துப் பதினொரு பேருக்குக் கடுதாசி வந்தது.

கூட்டாளி அன்றைக்கே முதல் கட்டத்தில் டிக் அடித்துவிட்டான். "ரொட்டி தின்னுட்டுப் போறேன், என்ன இப்ப?" என்றான். சங்கத்தில் இருந்த ஒருத்தர், ரெண்டிலும் போடாதீங்க, கேஸ் போடலாம் என்றார். அவர் சொன்னபோது சரி என்று பட்டது. கூட்டாளி சொன்னபோது அதுவும் சரி என்று பட்டது. டீக்கடையில் யாரோ முன்பின் தெரியாத ஆள், "வாங்கிட்டு வெலகிரணுங்க, நாளைக்கு இதுவும் இருக்காது" என்றார். அதுவும் சரிதான்.

வடக்கே போனால் என்ன ஆகும் என்று யோசிப்பேன். பாஷை தெரியாது. காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் எங்கே வலிக்கிறது என்று எப்படிச் சொல்லுவேன்? செத்துப்போனால் உடம்பை ரயிலிலா அனுப்புவார்கள், எத்தனை நாள் ஆகும்? உடனே போகவேண்டாம் என்று முடிவு செய்வேன். முடிவு செய்த மறு நிமிஷம், நாற்பத்தி ஆறு வயசில் பை மாட்டத் தெரிந்தவனை எவன் வேலைக்கு வைப்பான், மகள் அடுத்த வருஷம் காலேஜ் போகணுமே என்று நெஞ்சு அடிக்கும். உடனே போகலாம் என்று முடிவு செய்வேன். அஞ்சு நாள் இப்படிப் போனது. சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் சோறு காய்ந்துபோகும்.

ஆறாவது நாள் மனைவி சொன்னாள்: "உங்களால முடிவு பண்ண முடியாது. நாளைக்குப் போயி சாமிகிட்ட பூ கேட்டுட்டு வந்துருவோம்."

எங்கள் குலசாமி கோயில் பெரம்பலூரைத் தாண்டிப் பச்சமலை அடிவாரத்தில் இருக்கிறது. அரியலூரிலிருந்து ரெண்டு பஸ் மாறி, இறங்கி ஒரு மைல் நடக்க வேண்டும். பெண் கொடுக்கிறது, கிணறு வெட்டுகிறது எதுவாக இருந்தாலும் எங்கள் வகையறாவில் பூக்கட்டிப் பார்த்துத்தான் செய்வார்கள். வெள்ளரளிப் பூவை ஒரு பூவரச இலையிலும் செவ்வரளியை இன்னொரு இலையிலும் மடித்து, ஒரே மாதிரி நாரால் கட்டி, சாமி காலடியில் போட்டுவிடுவார் பூசாரி. நாம் மனசுக்குள் ஒரு கேள்வி நினைத்துக்கொள்ள வேண்டும். ஒரு குழந்தை வந்து ஒரு பொட்டலத்தை எடுக்கும். வெள்ளை வந்தால் ஆமாம். சிவப்பு வந்தால் வேண்டாம். சாமி முன்னால் கேள்வியை வாய்விட்டுச் சொல்லக்கூடாது.

பூசாரி பொட்டலத்தைப் போட்டுவிட்டு, "நெனச்சுக்கப்பா" என்றார்.

கையெழுத்துப் போட்டு வெலகிரலாமா சாமி என்று நினைத்தேன். நினைத்ததுமே, சாமி முன்னால் நின்றுகொண்டு விலகுகிறேன் என்று நினைக்கலாமா, சாமியை விட்டே விலகுகிறேன் என்று ஆகிவிடுமே என்று பயம் வந்தது. மாற்றி, வடக்க போகட்டுமா என்று நினைத்தேன். வடக்கு, போகிறது, ரெண்டும் சேர்ந்து சாவைக் கேட்கிற மாதிரி இருந்தது. ஊரோட இருந்துறலாமா என்று மாற்றினேன். இது நல்ல கேள்வி என்று பட்டது. ஆனால் ஊரோட சும்மா இருக்கிறதற்குச் சாமி ஆமாம் சொல்லிவிட்டால்? ஆயுசுக்கும் வேலை இல்லாமல் போய்விட்டால்? திரும்ப, அங்க போனா நல்லாருப்பனா என்று ஆரம்பித்தேன்…

"வெள்ளை" என்றார் பூசாரி.

பூசாரி வீட்டுப் பெண் குழந்தை, நாலு வயசு இருக்கும், கையில் பாதி முறுக்கோடு வந்து எப்போது எடுத்தது என்றே நான் பார்க்கவில்லை. பூசாரி என் நெற்றி நிறைய விபூதியைப் பூசி, "சாமி தெளிவா குடுத்துருச்சுப்பா, போயிட்டு வா" என்றார். என் மனைவி பின்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

வெள்ளை வந்திருக்கிறது. எந்தக் கேள்விக்கு வந்தது என்று தெரியவில்லை. குழந்தை பொட்டலத்தைத் தொட்ட நேரத்தில் நான் எதை நினைத்துக்கொண்டிருந்தேன்? ஊரோட இருக்கலாமா என்பதிலா, அதற்கு அடுத்ததிலா?

மனைவியைக் குழாயடியில் நிறுத்திவிட்டு, செருப்பை விட்டுவிட்டேன் என்று பொய் சொல்லித் திரும்ப ஓடினேன். "பூசாரி ஐயா, இன்னொரு தடவ பாத்துக்கலாங்களா?"

"என்னத்த?"

"அதையேதான்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒருதரம் உத்தரவு குடுத்துட்டா அவ்வளவுதான். திரும்பத் திரும்ப அலைய விடுறதுக்கு இது என்ன தாலுகா ஆபீசா? ஒரு வருஷம் கழிச்சு வா, வேற கேள்வியோட."

பஸ்ஸில் மனைவி கேட்டாள், "என்ன உத்தரவாயிருக்கு?"

"வெள்ளைதான் வந்துருச்சே."

"அது எனக்கும் தெரியும். நீங்க என்ன கேட்டீங்க?"

"வூட்டுக்குப் போயி சொல்றேன்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டுக்குப் போய்ச் சொல்லவில்லை. எட்டாவது நாள், ஒன்பதாவது நாள் என்று போனது. அவள் கேட்கவும் இல்லை. சாமி சொல்லிவிட்டதால் நான் தெளிவாக இருக்கிறேன் என்று நினைத்திருப்பாள். நான் ஷிப்டுக்குப் போய், மெஷின் பை எறிகிறதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு பைக்கும் போகலாம், இருக்கலாம் என்று மாற்றி மாற்றி மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். சுற்று நிற்கிறபோது எது வருகிறது என்று பார்க்கலாம் என்றால் அந்தச் சக்கரம் நிற்கவே இல்லை.

பத்தாவது நாள் காலையில் சட்டை மாட்டும்போது எனக்குக் கை வரவில்லை. பட்டனைத் தப்பாகப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அவள் வந்து பட்டனைச் சரி செய்தாள். அப்போதுதான் சொன்னேன்.

கடைசிப் பட்டனையும் போட்டு முடித்தாள். அப்புறம் சொன்னாள்: "பத்தொம்போது வருஷமா ஓடுற மூக்குல பை மாட்டத் தெரிஞ்ச ஆளுக்கு, ஒத்தக் கேள்விய அரை நிமிஷம் நெனப்புல மாட்டி வைக்கத் தெரியல."

"சாமி குத்தமாயிருமா?"

"நானும் பின்னாடி நின்னு ஒண்ணு நெனச்சேன். அதுக்கும் சேத்துத்தான் வெள்ளை."

"நீ என்ன நெனச்ச?"

"அது எனக்கும் சாமிக்கும்." துண்டை எடுத்து என் கையில் கொடுத்தாள். "ரெண்டாவது கட்டத்துல போட்டுட்டு வாங்க. தப்பா இருந்தா அந்தப் பாவம் என் தலையில."

போட்டேன். ஆபீசில் இருந்த சார் பேனாவின் மூடியைக் கழற்றிக் கொடுத்து, "விருப்பத்தோடதானே?" என்று கேட்டார். அவர் கேட்கவேண்டிய கேள்விதான் அது, எல்லாரையும் கேட்டார். "ஆமாங்க சார்" என்றேன். ஹெல்மெட்டையும் ஷூவையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். வெல்லத்தைத் திருப்பிக் கேட்கவில்லை.

வீட்டில் இருந்த முதல் நாள் மத்தியானம் எனக்கு உயிரே போய்விட்டது. உட்கார்ந்திருந்தேன், திடீரென்று தரை அதிர்ந்தது. அலமாரியில் டம்ளரெல்லாம் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டன. எழுந்து வாசலுக்கு ஓடினேன். மனைவி முறத்தில் அரிசியைப் பார்த்துக்கொண்டிருந்தவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"சுண்ணாம்புக் கல்லு வெடி. தெனமும் இந்நேரத்துக்குத்தான்."

சுரங்கத்தில் மத்தியானம் வெடி வைப்பார்கள் என்பது தெரியும். அங்கிருந்து வருகிற கல்லில்தான் நான் பத்தொன்பது வருஷம் சோறு தின்றேன். ஆனால் எனக்கு எப்போதும் பகல் ஷிப்டு, வெடி இல்லாத ஞாயிறு மட்டும்தான் லீவு; அந்த நேரம் மெஷின் சத்தத்துக்குள் இருந்தவன். என் வீடு தினமும் நடுங்குகிறது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

"இத்தன வருஷமா நீ ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா வேலைக்குப் போயிருப்பீங்களா? செவுத்தப் புடிச்சிக்கிட்டு நின்னுருப்பீங்க."

அவள் சொன்னதும்தான் சுவரைப் பார்த்தேன். ஜன்னல் மூலையிலிருந்து கீழே ஒரு விரிசல் இறங்கியிருந்தது. அதற்கப்புறம் எனக்கு வேறு வேலை இல்லை. காலையில் ஒரு தடவை பார்ப்பேன், வெடிக்கு அப்புறம் ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் வளர்ந்துவிட்ட மாதிரியே இருக்கும். வீடு விழுந்துவிடும், கையெழுத்துப் போட்டதற்குச் சாமி காட்டுகிறது என்று நினைப்பேன். சும்மா இருக்கும்போது வலது கை தானாக முன்னால் நீண்டு, இல்லாத பையை இல்லாத மூக்கில் மாட்டும். பஸ் ஸ்டாண்டில் ஒருநாள் அப்படிச் செய்து, முன்னால் நின்றவர் முதுகில் கை பட்டு அவர் திட்டினார்.

மகள்தான் ஒரு பென்சிலைக் கொண்டுவந்து கொடுத்தாள். "விரிசல் எங்க முடியுதோ அங்க ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுப்பா. வளந்தா கோட்டத் தாண்டும். தாண்டலைன்னா வளரல."

கோடு போட்டேன். மறுநாள் பார்த்தால் விரிசல் கோட்டுக்குள்ளேயே நின்றது. அதற்கு மறுநாளும். ஒரு மாசம் ஆகியும் தாண்டவில்லை. ஆனால் என் கண்ணுக்கு அது தினமும் வளர்ந்துகொண்டுதான் இருந்தது. கோட்டைப் பார்த்த பிறகுதான் நின்றது.

அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. மகளின் பழைய நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில் என் பயத்தையெல்லாம் எழுத ஆரம்பித்தேன். எழுத்துப்பிழை நிறைய வரும். "நெஞ்சு குத்துது, இடதுபக்கம், காலை எட்டு மணி" என்று எழுதுவேன். "கேஸ் மூடியாச்சு, ரெண்டுதடவை பாத்தாச்சு" என்று எழுதுவேன். எழுதி முடித்ததும் பயம் போய்விடாது. ஆனால் எழுதிய இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். முன்னால் மாதிரி உருமாறி உருமாறி வராது. அப்படிக் கிறுக்கிக் கிறுக்கித்தான் இதை எழுதுகிற அளவுக்கு வந்திருக்கிறேன்.

மாசி மாசம் என் மச்சான், மனைவியின் அண்ணன், செட்டிகுளத்துக்குக் கூப்பிட்டார். சின்ன வெங்காயம் அறுத்துப் பட்டறை போட்டிருந்தார். தரையில் படாமல் கல் வைத்து, சுற்றி மூங்கில் தட்டி கட்டி, மேலே சோளத் தட்டையால் மூடி, காற்று போகிற மாதிரி வெங்காயத்தைச் சேர்த்து வைக்கிறதுதான் பட்டறை. உள்ளே ஒன்று அழுகினால் பக்கத்தில் இருப்பதும் அழுகும். பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார். விடியக் கிளம்பி ரெண்டு பஸ் மாறிப் போனால் இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம்.

பயந்துகொண்டேதான் போனேன். ஆனால் அந்த வேலைக்கு என் பயம் தோதாக இருந்தது. ஒரு நாளைக்கு எட்டுத் தடவை தட்டிக்குள் கையை விட்டுச் சூடு பார்ப்பேன், மோந்து பார்ப்பேன். மழை இருட்டினால் முதலில் ஓடுவது நான்தான். மச்சான் வருகிறவர்களிடம் எல்லாம், "எங்க மாப்ளைக்கு வெங்காயம் தும்முனாக்கூட தூக்கம் வராது" என்று சொல்லிச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். அவர் சொல்வதில் பொய் இல்லை.

இடையில் கூட்டாளி வடக்கேயிருந்து போன் செய்வான். "மாப்ள, இங்க குளுர்ல மீசை ஒடைஞ்சு விழுது" என்பான். நன்றாக இருக்கிறேன் என்பான். அவன் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லும்போதெல்லாம் எனக்குள் அந்த வெள்ளைப் பூ வந்து நிற்கும். அவன் கஷ்டம் என்று சொல்லியிருந்தாலும் வந்துதான் நின்றிருக்கும்.

ஒரு வருஷம் முடிந்தது. அந்த வருஷத்துப் பட்டறையை இப்போதே பிரித்து விற்கலாமா, விலை ஏறுகிற வரை வைத்திருக்கலாமா என்று மச்சானுக்குக் குழப்பம். அதில் எனக்கும் கொஞ்சம் பங்கு இருந்தது. "நீங்க போயி பூ கேட்டுட்டு வாங்க மாப்ள" என்றார்.

இந்தத் தடவை ஒரு தாளில் பென்சிலால் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டேன். "பட்டறையை இப்போதே பிரிக்கலாமா?" அவ்வளவுதான். நாலாக மடித்துச் சட்டைப் பையில், இன்னும் பழக்கம் விடாத வெல்லத்தோடு வைத்துக்கொண்டேன்.

கோயிலில் பூசாரி பொட்டலத்தைப் போட்டதும் தாளை எடுத்து விரித்தேன். என் மனைவி பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்து, "சாமிக்கே பரிச்சை வைக்கிறீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள். நான் அந்த எழுத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றேன். மனசு வேறு எங்கேயோ போகப் பார்த்தது, விரல் போகவில்லை. அதே குழந்தை, ஒரு வருஷம் வளர்ந்திருந்தது, ஓடிவந்து எடுத்தது.

சிவப்பு. பிரிக்க வேண்டாம். எனக்கு அன்றைக்குத்தான் உடம்பில் ரத்தம் ஓடியது.

பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்தத் தைரியத்தில் கேட்டுவிட்டேன். "போன வருஷம் நீ ஒண்ணு நெனச்சேன்னியே. என்ன நெனச்ச?"

சொல்லமாட்டாள் என்று நினைத்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "இந்த ஆள தனியா வடக்க அனுப்புனா நல்லபடியா திரும்பி வந்துருவாரான்னு கேட்டேன்."

"வெள்ளைதானே வந்துச்சு."

"வெள்ளைதான் வந்துச்சு."

"அப்ப நல்லபடியா வந்துருவேன்னு சாமி சொல்லியிருக்கு. அப்பறம் ஏன் என்ன ரெண்டாவது கட்டத்துல போடச் சொன்ன?"

அவள் பஸ் வருகிற திசையைப் பார்த்தாள். "நீங்க திரும்பி வருவீங்கன்னுதான் சாமி சொன்னுச்சு. அதுவரைக்கும் நான் எப்புடி இருப்பேன்னு நான் கேக்கல. அதுவும் சொல்லல."

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தோம். அவள் ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அப்படியென்றால் உத்தரவைத் தாண்டித்தான் நின்றிருக்கிறோம். தெரிந்தே தாண்டியிருக்கிறாள். பாவம் என் தலையில் என்று அன்றைக்கு அவள் சொன்னது சும்மா பேச்சு இல்லை.

தாளை எடுத்துப் பின்பக்கம் திருப்பினேன். மடியில் வைத்து எழுதினேன்: "அவள் தலையில் ஒண்ணும் வரக்கூடாது." கீழே தேதி போட்டேன்.

"என்ன எழுதுறீங்க?" கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. வெங்காயம்."

பஸ் குலுங்கியதில் எழுத்துக் கோணிக்கொண்டு போயிருந்தது. ஆனால் படிக்க முடிந்தது.